லத்தீன் தெரியாத நீதிபதி: மார்ச் குறிப்புகள்

மார்ச் 3, ஞாயிறு

காலையிலிருந்து மழை. பழைய சட்டப் புத்தகம் ஒன்றின் பக்கங்களைத் திரையில் தள்ளிக்கொண்டே போனவன் ஒரு மரச்செதுக்குப் படத்தில் நின்றுவிட்டேன். நீதிபதிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோர் கண்ணிலும் கட்டு, தலையில் கோமாளிக் குல்லா. கூடவே மூன்று வரிப் பாட்டு. கெட்ட பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வதும் நியாயத்துக்குக் குறுக்கே நிற்பதும்தான் இந்தக் குருட்டு முட்டாள்களின் பிழைப்பாம்.

கேலிப் புத்தகம் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இது 1507-இல் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில், அதை ஆண்ட ஆயரின் ஆட்சியில் அச்சான குற்றவியல் சட்டம். இன்று கண்கட்டு என்றால் பாரபட்சம் இல்லாமை. அன்று அதே துணி முட்டாள்தனத்தின் அடையாளம். நீதிபதிகளைச் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே கிண்டலடிக்க யாருக்குத் துணிச்சல் வந்தது?

மார்ச் 5, செவ்வாய்

அந்தச் சட்டத்தை உருவாக்கிய ஆள் கிடைத்துவிட்டார். யோஹான் ஃபோன் ஷ்வார்ட்ஸென்பெர்க். 1463-இல் ஃபிராங்கோனியாவில் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். பட்டப்பெயர் ‘பலசாலி’. இளமையில் குடி, சூதாட்டம். அப்பா கண்டித்து எழுதிய கடிதம் வந்த பிறகு விட்டுவிட்டார் என்கிறார்கள். விட்டவர் சும்மா இருக்கவில்லை. ஒருவர் கோப்பையைத் தூக்கினால் எதிரே இருப்பவரும் அதே அளவு குடித்தாக வேண்டும் என்ற அந்தக் காலத்து விருந்து வழக்கத்தைத் திட்டி, நரகத்திலிருந்து குடிகாரர்களுக்கு வந்த கடிதம் மாதிரி ஒரு சிறு நூல் எழுதினார்.

1501-இல் பாம்பெர்க் ஆயரிடம் ஹோஃப்மைஸ்டர் ஆனார். நம் ஊர் வார்த்தையில் திவான் என்றால் ஏறக்குறையச் சரி. நிர்வாகமும் அவர் கையில், ஆயரின் உயர் நீதிமன்றத் தலைமையும் அவர் கையில். ஆயர்கள் மாறினார்கள், இவர் மாறவில்லை. இத்தனைக்கும் பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது, லத்தீன் தெரியாது. சட்ட அறிவெல்லாம் இத்தாலியிலிருந்து லத்தீனில் வந்துகொண்டிருந்த காலம் அது!

மார்ச் 9, சனி

பாம்பெர்க் போய்விட்டு வந்தேன். தேவாலயக் குன்றில் ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. ஆயரின் பழைய அரண்மனை முற்றத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்று கண்ணில் படும் அழகான கல் முகப்பு ஷ்வார்ட்ஸென்பெர்க் காலத்துக்குப் பிந்தையது. பரவாயில்லை, குன்று அதே குன்றுதான்.

மரண தண்டனை வரை போகும் வழக்குகளை விசாரித்த மன்றத்துக்கு ஜெர்மனில் ‘கழுத்து நீதிமன்றம்’ என்று பெயர். நாம் தலை போகிற காரியம் என்கிறோம், அவர்களுக்குக் கழுத்து. அங்கே தீர்ப்புச் சொன்னவர்களில் பெரும்பாலோர் சட்டம் படிக்காத உள்ளூர் ஆட்கள். அவர்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் ஜெர்மன் மொழி, படம், பாட்டு எல்லாம். தமக்குப் புரிகிற மாதிரி எழுதச் சொல்லியிருப்பார், அதுவே மற்றவர்களுக்கும் புரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

அப்புறம், புத்தகத்துக்கு உள்ளே இருக்கும் விஷயம். மரண தண்டனைக்குக் குற்றவாளியின் வாக்குமூலம் வேண்டும், இல்லையென்றால் கண்ணால் பார்த்த இரண்டு சாட்சிகளாவது வேண்டும். சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அது மட்டும் போதாது. நல்ல விதி மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் சித்திரவதை உள்ளே நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். சாட்சி இல்லையா? வாயிலிருந்து பிடுங்கு.

ஷ்வார்ட்ஸென்பெர்க் அதை ஒழிக்கவில்லை. வேலி போட்டார். குற்றத்துக்குப் போதுமான தடயம் இல்லாமல் ஒருவரை வதைக்கக் கூடாது, மீறி வதைத்தால் அதில் வந்த வாக்குமூலம் செல்லாது. வதைக்கும் முன்பே, நீ நிரபராதி என்று காட்ட வழி உண்டா, அந்த நேரத்தில் வேறு எங்காவது இருந்தாயா என்று கேட்க வேண்டும். குற்றத்தின் விவரங்களை விசாரிப்பவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. கத்தியை எங்கே ஒளித்தேன் என்று அவனே சொல்ல வேண்டும், ஆள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மார்ச் 14, வியாழன்

அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. சுருக்கமாக எழுதுகிறேன்.

1524-இல் மகளை பாம்பெர்க் கன்னியர் மடத்திலிருந்து வெளியே அழைத்து வந்துவிட்டார். கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் பக்கம் சாய்ந்த மனிதர். ஏன் அழைத்து வந்தேன் என்று ஆயருக்கே கடிதம் எழுதி, அதை அச்சிலும் ஏற்றினார். இத்தனை வருடம் சம்பளம் கொடுத்த எஜமானுக்கு! அதோடு பாம்பெர்க் உத்தியோகம் முடிந்தது. பிறகு அன்ஸ்பாக் பிரபுக்களிடம் பணி. 1528-இல் நியூரம்பெர்கில் இறந்தார்.

பெயர் நிற்கிற இரண்டு வேலைகள் அவர் போன பிறகுதான் வெளிவந்தன. 1531-இல், கடமைகள் பற்றிப் பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசெரோ எழுதிய நூல் ஜெர்மனில் வந்தது. வீட்டுப் பாதிரியார் லத்தீனிலிருந்து பெயர்த்துக் கொடுக்க, இவர் அதை நல்ல ஜெர்மனாக்கியிருந்தார். 1532-இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசருடைய குற்றவியல் சட்டம் வந்தது. 219 பிரிவுகள், அடித்தளம் பாம்பெர்க் புத்தகம். பேரரசு முழுமைக்கும் என்றாலும், அந்தந்தப் பகுதியின் பழைய நல்ல வழக்கங்களுக்கு இடம் விட்டு ஒரு வரி முன்னுரையிலேயே சேர்ந்தது. குல்லா போட்டவர்களுக்குப் பின்வாசல் திறந்துவிட்ட மாதிரி எனக்குப் படுகிறது.

மார்ச் 17, ஞாயிறு

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பாம்பெர்க் என்று தேடினால் திரும்பத் திரும்ப வருவது 1620-களின் சூனியக்காரி வேட்டைதான். சூனியத்தால் தீங்கு செய்தவரை எரிக்கச் சொல்லும் பிரிவு ஷ்வார்ட்ஸென்பெர்க்கின் புத்தகத்திலேயே இருக்கிறது, அதை மறைக்க முடியாது. வேலிகளைத்தான் பிடுங்கி எறிந்தார்கள்.

1628-இல் நகரத்தலைவர் யோஹன்னஸ் யூனியுஸ் சிறையிலிருந்து மகளுக்கு ரகசியமாக ஒரு கடிதம் அனுப்பினார். ஐயா, எதையாவது கற்பனை செய்தாவது ஒப்புக்கொள்ளுங்கள் என்று வதைத்தவனே கெஞ்சினானாம். ஒப்புக்கொண்ட பிறகும் விடவில்லை. கூட இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றதும், சந்தையில் தொடங்கு, ஒரு தெருவில் போய் அடுத்த தெருவில் திரும்பி வா, பெயர்களைச் சொல் என்றார்கள்.

கை இரண்டும் முடங்கிவிட்டதால் கடிதத்தை எழுதி முடிக்கப் பல நாள் ஆனது என்கிறார். இதைக் கொண்டுவரும் ஆளுக்கு ஒரு தாலர் (அந்தக் காலத்து வெள்ளி நாணயம்) கொடுத்துவிடு என்றும் எழுதியிருக்கிறார்.