முக்திநாத் யாத்திரை: எந்த ஜன்னலோரம் கேட்பது?

நம்மூரிலிருந்து நேபாளத்தில் உள்ள முக்திநாத் என்னும் சாளக்கிராமத் திவ்யதேசத்துக்கு விமானத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் டெல்லி–காட்மாண்டு, காட்மாண்டு–பொக்காரா, பொக்காரா–ஜோம்சோம் என்று மூன்று முறை ஏறி இறங்குகிறார்கள். ஏஜென்ட் கொடுத்த சீட்டில் அப்படியே உட்கார்ந்துவிடாதீர்கள். பக்கம் தவறினால் ஒன்றரை மணி நேரமும் கங்கைச் சமவெளி வயல்தான்.

டெல்லியிலிருந்து விமானம் கிழக்கு-தென்கிழக்காகப் போகும். மலை முழுக்க வடக்கே. ஆகவே போகும்போது இடப்பக்கம், அதாவது ‘ஏ’. திரும்பும்போது வலப்பக்கம், ‘எஃப்’. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் இந்தப் பக்கத்தில் கண் கூசாது, வெயிலும் நேரே பனிமேல் விழும். புறப்பட்ட அரைமணிக்குள் தொலைவில் நந்தாதேவி வரிசை. லக்னோ தாண்டிய பிறகு தவளகிரியும் (8,167 மீட்டர்) அன்னபூர்ணாவும் (8,091 மீட்டர்) வரும். அவ்விரண்டுக்கும் நடுவே மலைத்தொடர் சட்டென்று தாழ்கிற இடம் தெரிகிறதா? அதுதான் கண்டகி நதி அறுத்த பள்ளத்தாக்கு. சாளக்கிராமம் கிடைப்பது அந்த ஆற்றில். முக்திநாத் அந்த இடைவெளிக்குப் பின்னால். இதற்காகவே ‘ஏ’ சீட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பேன்.

அடுத்தது வரிசை. ஏர்பஸ் ஏ320-இல் ஏறத்தாழ 9 முதல் 20 வரை இறக்கைதான். கீழே உள்ள ஊரைத்தானே மறைக்கும் என்று நினைக்க வேண்டாம். பறக்கும் உயரத்திலிருந்து சிகரங்கள் கண்மட்டத்துக்குச் சற்றே கீழே தெரியும். இறக்கை நுனி நிற்பதும் அங்கேதான். 3 முதல் 7 வரை நல்லது. கடைசி வரிசைகளிலும் இறக்கை மறைக்காது, ஆனால் எஞ்சினின் சூடான புகை படத்தைக் கலங்கலாக்கும். போயிங் 737-இல் இறக்கைக்குச் சற்று முன்னால் ஒரு வரிசையில் ஜன்னலே இருக்காது. ஏசி குழாய் சுவருக்குள் ஏறும் இடம் அது. பொதுவாகவே ஜன்னல்கள் 20, 21 அங்குலத்துக்கு ஒன்று, இருக்கைகளோ 28 முதல் 30 அங்குலத்துக்கு ஒன்று. அதனால் சில சீட்டுகளில் தோளுக்குப் பின்னால்தான் ஜன்னல் வரும். வெப் செக்-இன் செய்யும்முன் விமான வகையைப் பாருங்கள். ஃப்ளைட்ரேடார்24 இணையதளத்தில் அதே எண் விமானம் கடந்த நாட்களில் சென்ற தடத்தையும் பார்க்கலாம்.

காட்மாண்டுவில் நெரிசல் அதிகம். இறங்க முறை வரும்வரை தெற்கே வட்டமடிக்க வைப்பார்கள். அப்போது வலப்பக்கம் இருப்பவர்களுக்கும் மலை கிடைக்கும்.

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை வானம் மிகத் தெளிவு. ஏப்ரல், மே மாதங்களில் புகைமூட்டம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம். எந்த மாதமானாலும் காலை விமானமே சிறந்தது.

படம் எடுக்க போலரைசர் (லென்ஸ் முன் மாட்டும் ஃபில்டர்) வேண்டாம், அக்ரிலிக் கண்ணாடியில் வானவில் பட்டைகள் விழும். ஃபிளாஷை அணையுங்கள். போனை ஜன்னலுக்கு மிக அருகில், ஆனால் ஒட்டாமல் பிடிக்க வேண்டும்; ஒட்டினால் அதிர்வு ஏறும். கண்ணாடிக் கீறலில் ஃபோகஸ் நின்றால் திரையில் மலையை அழுத்திப் பிடியுங்கள். வெளிர்நிறச் சட்டை கண்ணாடியில் பிரதிபலிக்கும்.

காட்மாண்டு–பொக்காரா மேற்கு நோக்கிய பயணம், எனவே வலப்பக்கம். பெரும்பாலும் ஏடிஆர் என்ற விசிறி விமானம்தான் ஓடும். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும். மறைப்பது எஞ்சினும் விசிறியும். அதனால் பின்பாதியில் கேளுங்கள்.

ஜோம்சோம் பயணம் வேறு மாதிரி. சுமார் இருபது நிமிடம், ட்வின் ஆட்டர் போன்ற சின்ன விமானம், சிகரங்களுக்குக் கீழே பள்ளத்தாக்கின் நடுவில் பறக்கும். மலையை அண்ணாந்து பார்க்க வேண்டும். போகும்போது வலப்பக்கம் மீன்வால் போலப் பிளந்த மச்சாபுச்சரே, அன்னபூர்ணா, நீலகிரி, இடப்பக்கம் தவளகிரி. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் போகும்போது வலம், வரும்போதும் வலம்: இரண்டு பக்கமும் பார்த்தாகிவிடும். இறக்கையைத் தாங்கும் சாய்ந்த கம்பி நடு வரிசைகளில் குறுக்கே வரும், அதைத் தவிர்க்கவும். முற்பகலுக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று பலமாக ஏறுவதால் காலையில் மட்டுமே விமானம். காலையிலும் மேகம் இறங்கினால் ரத்து. பொக்காராவில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.