இதுல நான் எங்க இருக்கேன்?

“தம்பி, இதுல நான் எங்க இருக்கேன்?” மிக்ஸ் முழுசாக ஓடி முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அக்கா கேட்டது இவ்வளவுதான்.

“எல்லாமே நீங்கதான் அக்கா. தம்புரா மாதிரி பின்னால ஓடுதே, அது உங்க ‘ஆ’. டிக் டிக்னு வர்றது உங்க உதடு ஒட்டிப் பிரியுற சத்தம். வெளியிலேர்ந்து ஒண்ணுமே சேர்க்கல.”

“அப்படியா... சரி லா.”

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பாங்கு ஓயும்வரை காத்திருந்து, வளையலைக் கழற்றி வைக்கச் சொல்லி, ஏர்கானையும் அணைத்துவிட்டு அவரை ஐந்து கட்டை சுருதியில் பாடவைத்துப் பதிவு செய்தவன் நான். சுங்கை பட்டாணி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் அம்மா பாடிய தாலாட்டு அது. கோலாலம்பூரில் இருக்கும் ப்ரொடியூசர் சீனர், தமிழ் தெரியாது. அவருடைய கூட்டு ஆல்பத்தில் ஒவ்வொரு டிராக்கிலும் ஒரு குரல், பின்னணி முழுக்க அந்தக் குரலிலிருந்தே செய்தது.

முதலில் அவர், சுருதியைத் தானாகத் திருத்துகிற ஆட்டோ டியூன் போட்டு அனுப்பியபோது நான் சண்டையே போட்டேன். நீலாம்பரி ராகச் சாயல் உள்ள பாட்டு, காந்தார ஸ்வரம் ஆடிக்கொண்டேதான் நிற்கும், அதைப் பியானோக் கட்டைக்கு நேராக இழுத்துப் பிடித்தால் ராகமே செத்துவிடும் என்று சொல்லி எடுக்கவைத்தேன். அக்கா குரலைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு திருப்தி. அடுத்து கிரானுலர் வந்தது. குரலை 40 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கி, முன்பின்னாகக் கலைத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பரப்புகிற வேலை. பேச்சில் ஓர் அசைக்கே சுமார் 150, 200 மில்லிசெகண்ட் ஆகும், அப்புறம் அந்த நறுக்கில் சொல் எங்கே மிஞ்சும்? உயிரெழுத்தின் நிறம் மட்டும் தங்கும். அதற்கு நான் வாயே திறக்கவில்லை, ஏனென்றால் கேட்க அவ்வளவு அழகாக இருந்தது. இன்றைக்கும் அந்த ஆல்பத்தில் அதுதான் சிறந்த டிராக் என்பேன்.

சொல் கொஞ்சமாவது தெரியட்டுமே என்று பிறகு கேட்டுப் பார்த்தேன். பின்னணியில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு 3 டெசிபெல் குறைத்தால் போதும், மெய்யெழுத்துகள் மேலே வரும், நறுக்காத ஒரே ஒரு வரியை நடுவில் விடலாம் என்றேன். அவர் ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனை இழுத்தார். 1956-லேயே கொலோனில் ஒரு சிறுவன் குரலை எலக்ட்ரானிக் ஒலிகளோடு கலந்து, ஓரிடத்தில் சொல் புரியும்படியும் இன்னோரிடத்தில் புரியாதபடியும் வேண்டுமென்றே செய்தார் இல்லையா, அதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டார். எனக்கு அப்போது பதில் வரவில்லை.

பதில் வந்தது பல நாள் கழித்து, பினாங்குப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது. அந்தச் சிறுவன் பாடியது பைபிளின் தானியேல் கதையோடு சேர்ந்த துதி. தேவாலயத்துக்குப் போகிறவர்கள் கேட்டுப் பழகியது, ஒரு சொல் காதில் விழுந்தாலே மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். அக்காவின் தாலாட்டை யார் நிரப்புவார்கள்? தோட்டத்து லயத்து வீடுகள் இடிந்து, ஆட்கள் ஆளுக்கொரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்குப், போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்து அந்த வரிகள் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

இதுவும் கொஞ்சம் மிகைதான். ஆல்பம் சொற்களைக் காக்கிற பெட்டகமா என்ன? நறுக்காத டேக் என் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, அக்காவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். புதிதாக வரும் பிள்ளைகளிடம், பாடினவருக்கு நறுக்கின குரலை ஆரம்பத்திலேயே போட்டுக் காட்டிவிடுங்கள் என்று சொல்கிறேன். அப்படி நான் காட்டியிருந்தால் அக்கா வேண்டாம் என்றிருப்பார், அந்த டிராக்கே இருந்திருக்காது. அதையும் அவர்களிடம் சொல்ல வேண்டுமோ என்னவோ, சொல்வதில்லை.

போன வாரம் ப்ரொடியூசர் அடுத்த ஆல்பத்துக்கும் அக்கா குரலைக் கேட்டார். மறுப்பார் என்று நினைத்துக்கொண்டே போன் போட்டேன். “பாடலாம் தம்பி, ஆனா அந்தப் பொடிப்பொடியா வெட்டுறான்ல, கொஞ்சம் பெருசா வெட்டச் சொல்லு” என்றார். எத்தனை மில்லிசெகண்ட் என்று அவரிடமே கேட்கலாம் என்றிருக்கிறேன்.