பொனற்றுக்குள்ளே வெளிச்சம்: ஒரு டி.எக்ஸ். வேகன் வேலைக் குறிப்பு

2025 ஜூலை 6, ஞாயிறு

திருகோணமலைக்குப் பக்கத்துக் கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி தன் வேகனைக் கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறார். டொயோட்டா கே.ஈ. 72, எல்லாரும் டி.எக்ஸ். வேகன் என்று சொல்லுகிற அதே வண்டி. உள்ளே 4கே எஞ்சின். பெயின்ற் பாஸ் (பெயின்ற் அடிக்கிற கைவினைஞர்) எஞ்சின் அறை முழுவதையும் கிரீம் நிறமாக்கி, வால்வ் மூடிக்குச் செம்மஞ்சள் அடித்திருக்கிறார். நல்ல கை. அடுத்த மாதம் கொழும்பில் ஒரு கார் ஷோவுக்குப் போகிறது.

"அண்ணே, பொனற்றத் திறந்தா உள்ளுக்க பத்தி எரியிற மாதிரி இருக்கோணும்" என்றார். ரேடியேற்றருக்கு மேலே எரிகிற தகடு, முன் சில்லுகளின் ஸ்பிரிங்கைத் தாங்குகிற ஸ்ட்ரட் கோபுரங்களுக்கு எரிகிற வளையம், உள்ளே சுற்றிவர நீல லைற் என்று கைபேசியில் படங்களும் காட்டினார்.

நான் பெயர்ப்பலகை செய்கிறவன். எழுத்து எரியவேண்டும், பல்பு கண்ணில் படக்கூடாது: இத்தனை வருஷமாக இதுதான் என் தொழில். கார் எஞ்சினுக்கும் அதையே செய்யவேண்டும் என்று நினைக்கிறேன். பார்க்க வருகிறவர் லைற்றைப் பார்த்துவிட்டுப் போனால் பெயின்ற் பாஸின் உழைப்பு வீண். வளையம் வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

கச்சான் காற்று அனலாய் அடிக்கிறது. சூடு அளக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. வேகனை நிலாவெளி வரை ஓட்டிப்போய் வந்து, வெப்பமானித் துப்பாக்கியைப் பிடித்துப் பார்த்தேன். ரேடியேற்றரின் மேல் சட்டம் 60 பாகையை ஒட்டி நிற்கிறது. எஞ்சின் புகை வெளியேறுகிற எக்ஸோஸ்ட் மனிபோல்ட் பக்கம் 200ஐத் தாண்டுகிறது.

எஞ்சினை நிறுத்தினால் சூடு இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். விசிறியும் நிற்கும், காற்றும் வராது. எஞ்சினில் ஏறியிருந்த சூடு அப்படியே மேலே கிளம்பும். நிறுத்திச் சற்று நேரம் கழித்து அதே மேல் சட்டம் 70ஐத் தொட்டது. தகட்டுக்கு எடுக்கிற பெர்ஸ்பெக்ஸ் (தெளிவான அக்ரிலிக் பிளாஸ்டிக்) 100 பாகையை நெருங்கினால் இளகத் தொடங்கும். ஆகவே முன் சட்டத்தில் வைக்கலாம், மனிபோல்ட் பக்கம் கிட்டவும் கொண்டுபோகக்கூடாது. கே எஞ்சினில் கார்பரேற்றரும் எக்ஸோஸ்டும் ஒரே பக்கம் இருப்பது எனக்கு வசதி. பெற்றோல் ஆவி, பெரிய சூடு இரண்டும் அந்தப் பக்கத்தோடு போயிற்று. வயர், பியூஸ், சுவிட்ச் எல்லாம் மற்றப் பக்கத்தால் ஓடும்.

சூடு கூடினால் தகடும் நீளும். 820 மி.மீ. நீளத்துக்கு 30 பாகையிலிருந்து 70 பாகைக்குப் போனால் பெர்ஸ்பெக்ஸ் 2 மி.மீ.க்கு மேல் நீளும். அதன் கீழுள்ள இரும்பு அரை மி.மீ.கூட நீளாது. இறுக்கிப் பூட்டினால் ஆணித் துளையிலிருந்து வெடிப்பு ஓடும். நடுத்துளையை மட்டும் அளவாகப் போட்டு, இரு முனைத் துளைகளையும் நீள்துளையாக்கி, ரப்பர் வளையம் வைக்கவேண்டும்.

ஜூலை 12, சனி

தகட்டில் என்ன கீறுவது? டொயோட்டா சின்னம், நெருப்பு, மண்டையோடு எல்லாம் பேசிப் பார்த்தோம். கடைசியில் அவராகவே கேட்டார்: "பாலத்தப் போட ஏலுமா?"

கிண்ணியாப் பாலம். 396 மீற்றர், 2009 ஒக்டோபரில் திறந்தது. அதற்கு முன் வாகனமெல்லாம் பாதையில், அதாவது வாகனம் ஏற்றுகிற மிதவையில், ஏறித்தான் கடலைக் கடக்கும். இந்த வேகனும் அவருடைய வாப்பா காலத்தில் பாதையில் நின்று அக்கரைக்குப் போய்வந்த வண்டி. வாப்பா இப்போது இல்லை. மண்டையோட்டை விட்டுவிட்டு இதைக் கேட்டாரே என்று எனக்குப் பெரிய சந்தோஷம். நீளமாய், தாழ்வாய்ப் போகிற பாலம். நீளமாய், தாழ்வாய்க் கிடக்கிற தகடு. இதைவிடப் பொருத்தமான உருவம் வேறு இல்லை.

எடுத்தது 8 மி.மீ. வார்ப்புப் பெர்ஸ்பெக்ஸ். உருளையில் இழுத்துச் செய்கிற மலிவுச் சீற்றில் லேசர் கீறினால் கோடு கண்ணாடிபோல் தெளிவாக நிற்கும், வெளிச்சம் பிடிக்காது. வார்ப்புச் சீற்றில் கீறல் வெண்மையாய்ப் பனி படிந்ததுபோல் வரும். விளிம்பால் நுழைகிற ஒளி, சீற்றின் இரு முகங்களிலும் சாய்வாகப் பட்டுப் பட்டு உள்ளுக்குள்ளேயே ஓடும், வெளியே வராது. கீறிய இடத்தில்தான் சிதறி வெளியே வரும். அதனால்தான் கோடு மட்டும் எரிகிறது, சீற் இருட்டாய் நிற்கிறது.

ஆனால் எல்லாக் கோட்டையும் ஒரே ஆழத்தில் கீறினால் எல்.ஈ.டி.க்குக் கிட்ட உள்ளது கண்ணைக் குத்தும், தூரத்தில் உள்ளது மங்கும். எல்.ஈ.டி. பட்டி கீழ் விளிம்பில் வருகிறது. எனவே கீழேயுள்ள நீரலைகளை ஐதான புள்ளிகளாகவும், பாலத்தின் உடலை நெருக்கமான கோடுகளாகவும், மேலே விளக்குக் கம்பங்களை ஆழமாகவும் கீறினேன். மேல் விளிம்பில் அலுமினியப் பட்டி ஒட்டினால் தப்பிப்போகிற ஒளி திரும்பி வரும். கடைக் கதவைச் சாத்திவிட்டுக் கரண்ட் கொடுத்தேன். அலையிலிருந்து கம்பத்து நுனிவரை ஒரே பிரகாசம். கம்பங்களின் தலையில் வைத்த சிறு புள்ளிகள்கூடத் தனித்தனியே தெரிந்தன.

ஜூலை 15, செவ்வாய்

எலக்ட்ரிக் பாஸ் வந்தார். 12 வோல்ட் பட்டியைக் காரில் நேரே கொடுக்கக்கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. பட்டியில் மூன்று எல்.ஈ.டி. ஒரு தொடர். ஒவ்வொன்றும் 3.2 வோல்ட் எடுத்தால் 9.6. மிச்ச 2.4 வோல்ட்டை அதிலுள்ள சின்ன ரெசிஸ்ரர் தாங்கும். எஞ்சின் ஓடும்போது அல்ரனேற்றர் 14.4 வோல்ட் தரும். அப்போது ரெசிஸ்ரரின் பங்கு 4.8, அதாவது இரண்டு மடங்கு. கரண்டும் ஏறக்குறைய இரு மடங்கு. பொனற்றுச் சூட்டோடு இதுவும் சேர்ந்தால் பட்டி ஒரு பருவம்கூட நிற்காது. வோல்ட் இறக்குகிற மொடியூலை 11.5இல் நிறுத்தினோம்.

ஷோவில் எஞ்சின் ஓடாது, பற்றரியில்தான் நாள் முழுக்க எரியும். பெரிய 5050 பட்டி மீற்றருக்கு 14.4 வாட், எங்கள் இரண்டு மீற்றருக்கு 2.4 அம்பியர். எட்டு மணித்தியாலம் எரிந்தால் 19 அம்பியர்-மணி, 35 அம்பியர்-மணிப் பற்றரியில் பாதிக்கு மேல் போய்விடும். பின்னேரம் வண்டி ஸ்ரார்ட் வராது. சிறிய 3528 பட்டி மீற்றருக்கு 4.8 வாட்தான், அதே நேரத்துக்கு 6.4 அம்பியர்-மணி. அதையே எடுத்தேன்.

வயர், கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் போட்டுக்காரர் வாங்குகிற வெள்ளீயம் பூசின வயர். வெறும் செம்பு எங்கள் கடற்காற்றில் பச்சை பூத்துவிடும். சுவிட்ச், பழைய காரின் கதவுச் சுவிட்ச்: பொனற் மூடியிருந்தால் அமுங்கி அணைந்திருக்கும், திறந்தால் எரியும். பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 2 அம்பியர் பியூஸ் வைக்காமல் பாஸ் இடத்தைவிட்டு நகரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

நீலமா வெள்ளையா என்ற கதை இன்று முடிந்தது. இருட்டின பிறகு தம்பியைக் கூப்பிட்டு, நீலப் பட்டியைப் பொனற்றுக்குள் பிடித்தேன். செம்மஞ்சள் மூடி கறுத்துப் போயிற்று. நீல வெளிச்சத்தில் அந்தப் பெயின்ற் திருப்பியனுப்ப ஒன்றும் இல்லை. பிறகு 4000 கெல்வின் வெள்ளையைப் பிடித்தேன். மூடி எழும்பி வந்தது; கிரீம் கிரீமாகவே நின்றது; ரேடியேற்றரின் பித்தளைத் தலை மின்னியது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப பாலத்துக்கு மட்டும் நீலம் போடுவமா அண்ணே?" என்றார். சரியான யோசனை. தகட்டு ஒளி எஞ்சின்மேல் விழாது, நிறத்தைக் கெடுக்காது, கடலும் நீலம்தானே. எஞ்சினுக்கு வெள்ளை, பொனற்றின் உட்சட்டத்தில் அலுமினியக் காடிக்குள், பால்நிற மூடி போட்டு. குனிந்து பார்த்தாலும் எல்.ஈ.டி. தெரியாது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்கு விரதம். கடை பூட்டு.

ஜூலை 27, ஞாயிறு

குச்சவெளி தாண்டி ஓடித் திரும்பினோம், குலுக்கல் பார்க்க. தகட்டில் வெடிப்பு இல்லை, ரப்பர் வளையம் இடத்தில் இருக்கிறது. காடியின் ஒரு திருகு தளர்ந்திருந்தது. பூட்டுப் பசை விட்டு இறுக்கியாயிற்று.

தம்பியிடம் கட்டாயமாகச் சொன்னது: தகட்டைப் பெற்றோல் துணியாலோ தின்னராலோ துடைக்கவே கூடாது. லேசர் வெட்டிய விளிம்பில் உள்ளிறுக்கம் இருக்கும், அந்தத் திரவம் பட்டதும் மயிரிழை வெடிப்புகள் பூக்கும். சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். ஷோ மைதானத்தில் யாராவது உதவிக்கு வந்து துணியை நீட்டினாலும் துடைக்க விடவேண்டாம் என்றேன்.

இரண்டு பியூஸும் ஒரு துண்டுப் பட்டியும் கையுறைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். மிச்சச் சீற்றில் பற்றரிக்கு மேற்பிடி ஒன்று வரும். வண்டி திரும்பி வந்ததும் அதை வெட்டுகிறேன்.