ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர் எடுங்கள்

ஒரத்தநாடு பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்குப் புது ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லணையில் பிரிந்து, தஞ்சாவூர் நகரத்துக்குள்ளேயே ஓடி, ஒரத்தநாடு வட்டாரத்தைக் கடந்து பேராவூரணிப் பக்கம் வரை போகிற கல்லணைக் கால்வாயைத்தான் நாங்கள் புது ஆறு என்போம். மேட்டூர் அணை கட்டிய 1930களில் வெட்டியது. மேட்டூரை ஜூன் 12ல் திறப்பது வழக்கம், அந்தத் தேதி தவறிய வருடங்களும் நிறைய உண்டு. ஜனவரி கடைசியில் அடைத்துவிடுவார்கள். ஆக பாதி வருடம் தண்ணீர், பாதி வருடம் மணல். தண்ணீர் இருந்தால் நீச்சல், மணல் தெரிந்தால் கிரிக்கெட். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மைதானம் என்று ஒன்று இருந்தது, ஆனால் அதில் பெரிய வகுப்பு அண்ணன்கள் வாலிபால் நெட் கட்டிவிடுவார்கள், எங்களுக்கு மிஞ்சியது ஆறுதான்.

எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவனை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மாப்ளே என்பேன், அவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான், எங்கள் பக்கத்தில் அதற்குச் சொந்தம் எதுவும் தேவையில்லை. இங்கேயும் அப்படியே இருக்கட்டும். 1991ல் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்தவன், பத்தாம் வகுப்பு வரை அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை. பேனாவில் மை தீர்ந்தால் அவன் பேனாவைத் திருகி என் பேனாவுக்குள் நான்கு சொட்டு விடுவான், பெஞ்சில் ஒரு சொட்டு சிந்தும், அதைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வான். எனக்கு வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் சாப்பாடு வரும், அவனுக்குச் சத்துணவு. சத்துணவில் முட்டை போடுகிற நாளில் அந்த முட்டையில் பாதி எனக்கு வரும். அதற்கு ஈடாக என் அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பில் பாதி அவனுக்கு. இந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை.

எட்டாம் வகுப்பு ஜூனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். புதுத் தண்ணீர் வந்திருந்தது. முதல் இரண்டு நாள் தண்ணீர் செம்மண் நிறத்தில் சருகும் நுரையுமாக வரும், அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது, பெரியவர்கள் இறங்காதே என்பார்கள். நாங்கள் பாலத்துக் கட்டையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தோம். அதுவரை நான் வாழைத்தண்டைக் கட்டிப்பிடித்து நீந்தியவன், அன்றைக்குத்தான் தண்டு இல்லாமல் குதித்தேன். எழுந்து பார்த்தால் கரை ஓடிக்கொண்டிருக்கிறது. கால்வாய்த் தண்ணீரின் இழுப்பு மேலே நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது, உள்ளே இறங்கியவனுக்குத்தான் தெரியும். கீழே கொஞ்ச தூரத்தில் மதகு. அங்கே போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரில் கதைகள் இருந்தன, கதை இல்லை, நடந்தவை.

பயந்துபோய்ப் பாலத்தைப் பார்த்து நீந்தினேன். எவ்வளவு கையடித்தாலும் பாலம் தள்ளித் தள்ளிப் போகிறது. மற்றவர்கள் பாலத்தில் நின்று கத்துகிறார்கள். மாப்ளே மட்டும் கத்தவில்லை. என் வாழைத்தண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையோடு ஓடினான், என்னைத் தாண்டி ஓடினான், எனக்கு முன்னால் போய்த் தண்டோடு குதித்தான். "எதுத்து வராதடா, குறுக்க வா, குறுக்க வா" என்று அவன் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. பதிமூன்று வயதுப் பையனுக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? தண்ணீரோடு மல்லுக்கு நிற்காமல் அதன் போக்கிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குச் சாய்ந்து வர வேண்டும் என்பதை இன்றைக்கு நீச்சல் பயிற்சி கொடுப்பவர்களும் அப்படியேதான் சொல்கிறார்கள். தண்டின் ஒரு முனையை அவனும் மறு முனையை நானும் பிடித்தபடி கோரைப்புல் இருந்த இடத்தில் ஒதுங்கினோம். என் முழங்கை முழுவதும் சிராய்ப்பு.

அப்புறம்தான் பெரிய வேலை, வீட்டுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது. ஆற்றில் குளித்தவனைக் கண்டுபிடிக்க எங்கள் ஊர் அம்மாக்களுக்கு ஒரு வழி உண்டு. கையைப் பிடித்து நகத்தால் ஒரு கோடு இழுப்பார்கள், வெள்ளையாகக் கோடு விழுந்தால் தீர்ந்தது. கண் சிவப்பு வேறு காட்டிக்கொடுக்கும். மாப்ளே தன் வீட்டுக்குள் நைசாக நுழைந்து உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்து என் கைகால் முழுவதும் தேய்த்துவிட்டான். சாயங்காலம் அம்மா கோடு இழுத்துப் பார்த்தார், விழவில்லை. சிராய்ப்புக்கு சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றோம். அம்மா நம்பினாரா என்று இன்றுவரை கேட்டதில்லை, ஆனால் அதற்கடுத்த வாரம் முழுவதும் குழம்பு இரண்டு ஆளுக்கு ஆகிற மாதிரி வந்தது.

பத்தாம் வகுப்பு படித்த 1995-96 எங்களுக்கு மறக்க முடியாத வருடம். அந்த அக்டோபர் 24ல் சூரிய கிரகணம், தீபாவளியை ஒட்டி வந்தது. ராஜஸ்தானிலிருந்து வங்காளம் வரை வடக்கே ஒரு பட்டையில் முழுக் கிரகணம், எங்களுக்குப் பகுதிதான். தெருவில் ஈ காக்காய் இல்லை, கதவெல்லாம் சாத்திக் கிடக்கிறது, பாட்டிகள் தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்திப் பார்க்கிறார்கள், தண்ணீரில் சாணியைக் கரைத்து வைத்து அதில் சூரியனின் நிழலைப் பார்க்கிறார்கள். பையன்கள் எக்ஸ்ரே ஃபிலிமும் போட்டோ நெகட்டிவும் தேடி அலைந்தார்கள், அது கண்ணுக்கு ஆபத்து என்று யாருக்கும் தெரியாது. மாப்ளேயின் மாமா வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். அவர் முகமூடியில் போடுகிற கருப்புக் கண்ணாடியில் ஒன்றை இவன் சட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டான்.

ஆற்றங்கரையில் நாங்கள் ஏழெட்டுப் பேர். உள்ளங்கை அளவுக் கண்ணாடி. அதன் வழியாக ஊரும் மரமும் ஒன்றுமே தெரியாது, சூரியன் இருக்கிற இடத்தைப் பிடித்துவிட்டால் மட்டும் பச்சையாக ஒரு வட்டம், மேல் பக்கம் கடித்த மாதிரி. அதை முதன்முதலில் பார்த்த நேரத்தில் எங்களில் ஒருவரும் பேசவில்லை. புளியமரத்தடியில் தரையைப் பார்த்த ஒருவன்தான் கூப்பிட்டான், இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சப் புள்ளிகள் ஒவ்வொன்றும் பிறை வடிவில் இருந்தன, நூற்றுக்கணக்கான பிறைகள். அறிவியல் புத்தகத்தில் ஊசித்துளைக் கேமரா என்று படம் போட்டிருந்தது, அது தரையிலேயே கிடந்தது. எல்லாரும் அங்கே ஓடியபோது கண்ணாடி ஒருவன் கையிலிருந்து நழுவிப் படித்துறைக் கல்லில் விழுந்து இரண்டாகிவிட்டது. மாமா பட்டறையில் வைத்து மாப்ளேக்கு விட்ட அறையைப் பற்றி அவனே மறுநாள் சொன்னான். யார் கைதவறியது என்று அவர் கேட்டாராம். சொல்லவில்லை. எங்கள் செட்டில் யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை, பிரம்புக்குக்கூட.

மார்ச்சில் உலகக் கோப்பை. 9ஆம் தேதி பெங்களூரில் பாகிஸ்தானை ஜெயித்த ராத்திரி நாங்கள் தூங்கவில்லை, மறுநாள் காய்ந்த ஆற்று மணலில் ஒவ்வொருவனும் வெங்கடேஷ் பிரசாத். 13ஆம் தேதி கல்கத்தாவில் 8 விக்கெட்டுக்கு 120 என்று சரிந்து ஆட்டம் பாதியிலேயே நின்றபோது டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் அழுதவர்கள் எல்லாரும் பொதுத்தேர்வு எழுத வேண்டியவர்கள். சரி, தேர்வும் வந்தது.

ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 35 எடுக்க வேண்டும். ரிசல்ட் அப்போது பேப்பரில் வரும். பொடி எழுத்தில் நெருக்கி அடித்த எண்கள், டீக்கடையில் ஒரு பேப்பருக்கு இருபது தலை. வரிசையில் என் எண்ணுக்கு அடுத்தது மாப்ளேயுடையது. என் எண் இருந்தது. அதற்கு அடுத்து அவன் எண்ணைத் தாண்டிய எண் இருந்தது. விரலை வைத்து மேலும் கீழும் தேடினேன், அவன்தான் என் கையைப் பிடித்து நகர்த்தினான். "விடுடா, ஒனக்கு வந்துருச்சுல்ல" என்றான்.

ஆங்கிலத்தில் போயிருந்தது. இன்றைக்கானால் ஒன்றிரண்டு மாதத்தில் துணைத்தேர்வு எழுதி அதே வருடம் பதினொன்றில் சேர்ந்துவிடலாம். அன்றைக்கு அந்த வசதி வரவில்லை. செப்டம்பர், அக்டோபர் அட்டெம்ப்ட் எழுதித் தேறினாலும் வருடம் போனது போனதுதான். வசதி உள்ளவர்கள் டவுனில் டுட்டோரியலில் சேர்ந்தார்கள். மாப்ளே ஒருமுறை எழுதினான், மறுபடி ஆங்கிலம், அப்புறம் மாமாவின் பட்டறைக்கே போய்விட்டான். தேறியவர்களிலும் எல்லாரும் பதினொன்றுக்கு வரவில்லை. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். 1982ல் எம்.ஜி.ஆர். தொடங்கியபோது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்ததை 1984ல் பதினைந்து வயது வரை நீட்டினார்கள். அதற்கு மேல் கிடையாது. மதியச் சோற்றை நம்பிப் பள்ளிக்கூடம் வந்தவனுக்குப் பதினொன்றாம் வகுப்பு என்றால் அந்தச் சோற்றையும் வீட்டில்தான் தேட வேண்டும். இதை யாரும் காரணமாக வெளியில் சொல்லமாட்டார்கள், எங்களுக்குத் தெரியும்.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். கணக்கில் எங்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்ட ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு வரவில்லை. வயதுக்கு வந்துவிட்டாள், நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். கரும்பலகையில் வாத்தியார் கணக்கை எழுதி முடிக்கும்போதே விடையைச் சொல்லிவிடுகிற பிள்ளை. அவளுடைய பெஞ்சில் இன்னொரு பிள்ளையை உட்கார வைத்தார்கள், பாடம் நடந்தது. எங்களில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு வாட்ஸப் குரூப் இருக்கிறது, 1998 பேட்ச் என்று பெயர். பிளஸ் டூ முடித்த வருடம். நடத்துகிறவர்கள் நல்ல மனிதர்கள், பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர் எந்திரம் வாங்கிக் கொடுத்தார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களைத் தேடிப் போய்க் காரில் அழைத்து வந்து பொன்னாடை போர்த்தினார்கள், ஒரு வாத்தியார் எங்கள் ஒவ்வொருவரையும் அடித்த அடியோடு ஞாபகம் வைத்திருந்தார். அந்தக் கூட்டத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. பட்டியலைப் பன்னிரண்டாம் வகுப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். அதில் மாப்ளே எப்படி இருப்பான்?

ஏழு வருடத்தில் ஐந்து வருடம் எங்களோடு இருந்தவன். நாங்கள் குரூப் போட்டோ எடுத்துக்கொண்ட சைக்கிள் ஷெட்டுக்கு இரும்புத் தூண் பற்றவைத்ததே அவன் பட்டறைதான். போட்டோவை யாரோ ஸ்டேட்டஸ் வைத்ததில் பார்த்துவிட்டு ராத்திரி எனக்குப் போன் பண்ணினான். "நம்ம பயலுவ எல்லாம் வந்தானுவளா மாப்ளே, குண்டாயிட்டானுவ" என்று சிரித்தான். ஒவ்வொருவனைப் பற்றியும் விசாரித்தான். யார் எங்கே வேலை, யாருக்கு எத்தனை பிள்ளை என்று எனக்குத் தெரியாததும் அவனுக்குத் தெரிந்திருந்தது, ஊரிலேயே இருப்பவன் இல்லையா. தன்னை ஏன் கூப்பிடவில்லை என்று மட்டும் கேட்கவே இல்லை. அவன் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு எழுதத் தோன்றியிருக்காது.

என் பள்ளி நாட்களில் நினைவு வைத்துக்கொள்ளும்படி நடந்தவை எல்லாம் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் நடந்தவை. பிளஸ் டூவில் நாங்கள் மார்க் எடுத்தோம், அவ்வளவுதான். நண்பர்கள் அதற்கு முன்பே ஆகிவிட்டார்கள். தேர்வில் தேறியவர்கள் மட்டும் கூடுவதற்கு ரிசல்ட் பேப்பரே போதும், அதற்குப் பழைய நண்பர்கள் சந்திப்பு என்று பெயர் வைக்கக்கூடாது என்பது என் கட்சி.

குரூப்பில் இதைச் சொன்னேன். முதலில் இரண்டு பேர் தயங்கினார்கள். வந்தால் அவர்களுக்கே சங்கடமாக இருக்காதா என்றார்கள். அதை அவர்கள் சொல்லட்டும், நாம் ஏன் அவர்களுக்காக முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டேன். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக ஒத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் பழைய ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார், ஓரம் கரையான் அரித்திருந்தாலும் பெயர்கள் படிக்க முடிகிறது. உள்ளூரில் இருக்கிற ஆண்களைக் கண்டுபிடிப்பது சுலபம். பெண்களைத் தேடுவதுதான் பாடு. கல்யாணமாகிப் போன ஊர் மட்டும் தெரியும், வீட்டுக்காரர் பெயர் தெரியாது. அவர்களுடைய அண்ணன் தம்பிகள் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது, அந்த வேலையை எங்கள் வகுப்பிலேயே படித்த இரண்டு தோழிகள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்குப் பிள்ளை பேராவூரணிப் பக்கம் இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. மாப்ளேயிடம் பந்தல் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். அன்றைக்கு அவன் நாற்காலியில் உட்காரட்டும், பந்தலை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

வருகிற காணும் பொங்கல் அன்று காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் சந்திக்கிறோம். 1991ல் எங்களோடு ஆறாம் வகுப்பு ஏ, பி பிரிவுகளில் இருந்த யாராக இருந்தாலும், எந்த வகுப்பில் நின்றிருந்தாலும், குடும்பத்தோடு வாருங்கள். பணம் எதுவும் தர வேண்டியதில்லை. மதியச் சாப்பாடு உண்டு, முட்டையும் உண்டு. அந்த வகுப்பில் படித்த அக்காவோ சித்தியோ மாமாவோ உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.