ஸ்டென்ட் வைத்தவருக்கு யார் யார் இருக்கிறார்கள்? அதை அளப்பது எப்படி

டிஸ்சார்ஜ் சம்மரியில் எல்லாம் எழுதியிருக்கும். எந்த ரத்தக்குழாயில் எவ்வளவு அடைப்பு, ஸ்டென்ட்டின் நீளம், விட்டம், இதயம் பம்ப் செய்யும் அளவு. வீட்டுக்குப் போனபின் இவருக்கு யார் இருக்கிறார்கள் என்பது மட்டும் இருக்காது. அதுவும் உயிர் தொடர்பான தகவல்தான். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் இதயக்குழாய் அடைப்புள்ள 1,368 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 1992-ல் வெளிவந்தது. வாழ்க்கைத் துணையும் இல்லாமல், மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லாமல் இருந்தவர்களில் ஐந்து ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 50 சதவீதம். மற்றவர்களில் 82 சதவீதம். நோயின் தீவிரத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை.

அளப்பதற்குச் சுலபமான கருவி, ஒருவருக்கு எத்தனை பேர் துணை என்று எண்ணும் லப்பன் அளவுகோலின் ஆறு கேள்வி வடிவம். சொந்தக்காரர்களைப் பற்றி மூன்று, அக்கம்பக்கத்தாரையும் சேர்த்து நண்பர்களைப் பற்றி அதே மூன்று: மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்பவர், பேசுபவர் எத்தனை பேர்? சொந்த விஷயத்தைக் கூச்சமில்லாமல் பேசக்கூடியவர் எத்தனை பேர்? உதவி என்று கூப்பிடும் அளவுக்கு நெருக்கமானவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை என்றால் 0, ஒருவர் 1, இருவர் 2, மூன்று நான்கு பேர் 3, ஐந்திலிருந்து எட்டு வரை 4, ஒன்பதும் அதற்கு மேலும் 5. மொத்தம் 30. கூட்டுத்தொகை 12-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டிய ஆள். சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆனால் இது தலையைத்தான் எண்ணுகிறது. இதய நோயாளிக்கு அது போதாது என்பது என் உறுதியான கருத்து. அடுத்து ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். 'போன ஆறு மாதத்தில் முக்கியமான விஷயங்களை யாரிடம் பேசினீர்கள்' என்று கேட்டு ஐந்து பெயர் வரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உறவு, எவ்வளவு தூரத்தில் வசிக்கிறார், எத்தனை நாளைக்கு ஒரு தடவை பேச்சு என்று குறியுங்கள். பிறகு இவர்களில் யாருக்கு யாரைத் தெரியும் என்று கேட்டு, தெரிந்தவர்களுக்கு நடுவே கோடு போடுங்கள். ஐந்து பேருக்குள் பத்து ஜோடிதான். பத்துப் பெயர் வாங்கினால் 45 ஜோடி ஆகிவிடும். பாதியிலேயே நோயாளி களைத்துப்போய் வாய்க்கு வந்ததைச் சொல்லத் தொடங்குவார்.

விழுந்த கோடுகளைப் பத்தால் வகுத்தால் வருவது அடர்த்தி, அதாவது இவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு தெரிந்தவர்கள் என்ற அளவு. உதாரணத்துக்கு, மனைவி, மகன், மருமகள், தம்பி, மச்சான் என்று ஐந்து பெயர் வந்தால் பத்துக் கோடும் விழும், அடர்த்தி 1. பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் ஒரு கல்யாணத்துக்கு ஐந்து பேரும் ஒரே வண்டியில் கிளம்பினால் அன்றைக்கு ராத்திரி அவருக்கு ஆளில்லை. மச்சானுக்குப் பதில், மனைவியை மட்டும் தெரிந்த எதிர்வீட்டுக்காரர் பெயர் இருந்தால் கோடு ஏழு, அடர்த்தி 0.7. எண் குறைந்தாலும் பாதுகாப்பு கூடுகிறது.

தப்பு நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். கட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தம் நிற்கும்போது கேட்டால் மகனை விட்டுவிட்டு நண்பன் பெயரைச் சொல்ல யாருக்கும் மனசு வராது; தனியாகக் கேட்க வேண்டும். வார்டில் இருக்கும்போது எல்லாரும் வந்து பார்ப்பதால் எண்ணிக்கை ஊதிப்போயிருக்கும். ஆகவே ஆறு வாரம் கழித்து ரிவியூவுக்கு வரும்போது மறுபடி கேளுங்கள். வாட்ஸாப் குரூப்பில் இருப்பவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தனியாக வசிப்பவர் எல்லாரும் தனிமைப்பட்டவர் அல்ல. கூட்டுக்குடும்பத்தில் இருந்துகொண்டே பேச ஆளில்லாதவர் உண்டு.

அளந்தாயிற்று, ஆதரவைக் கூட்டினால் ஆயுள் கூடுமா? 2003-ல் வெளிவந்த என்ரிச்ட் ஆய்வு இதைத்தான் சோதித்தது. மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வோ ஆதரவுக் குறைவோ இருந்த 2,481 பேர். பாதிப்பேருக்கு உளவியல் சிகிச்சை. மனச்சோர்வும் ஆதரவும் ஓரளவு மேம்பட்டன. சராசரியாக 29 மாதத்தில், மறு மாரடைப்பு இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 76 சதவீதம்தான். ஏமாற்றம் தரும் முடிவு. ஆனால் அளப்பதைக் கைவிட இது காரணமாகாது. பொதுவாக 'ஆதரவு' என்று நிறுத்தாமல், இந்த நோய்க்கு என்னென்ன வேலை இருக்கிறது என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

அதனால் தாளில் இன்னொரு கட்டவரிசை போடுங்கள்: எந்த வேலைக்கு யார். மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர் வழக்கமாக ஓராண்டுக்கு ஆஸ்பிரினோடு இரண்டாவது ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையும் எடுக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். அந்த இரண்டாவது மாத்திரை டிகாக்ரெலார் என்றால் தினம் இரண்டு வேளை. ராத்திரி வேளையை நினைவுபடுத்த யார்? பல் பிடுங்கப் போகும்போது 'மாத்திரையை நிறுத்தலாமா என்று இதய டாக்டரைக் கேட்டீங்களா' என்று கேட்க யார்? இதயம் பலவீனமானவர் என்றால், தினம் காலை எடை பார்த்து, மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய யார்? நடு ராத்திரி நெஞ்சு வலித்தால் 108-ஐக் கூப்பிட யார்?

நான்கு கட்டத்திலும் ஒரே மகளின் பெயர் வந்தால், லப்பன் மதிப்பெண் 20 இருந்தாலும் வலை மெலிந்ததுதான். டிஸ்சார்ஜுக்கு முன்பே இரண்டாவது பெயர் ஒன்றைக் கேட்டு வாங்கி, அவரையும் நேரில் வரச்சொல்லி மாத்திரை அட்டையைக் காட்டி விளக்குங்கள்.