மினசோட்டா பனியும் சத்துவாச்சாரி மொட்டை மாடியும்

ஜனவரியில், அமெரிக்காவின் மினசோட்டாவில் இருக்கும் மகள் வீடியோ காலில் கூரை ஓரத்தைக் காட்டினாள். கை நீளத்துக்குப் பனிக்கட்டிகள் தொங்கின. “அழகா இருக்கும்மா” என்றேன். “அழகா? படுக்கையறைச் சுவர்ல தண்ணி இறங்குதுப்பா!”

வெயிலூர் என்று கேலி செய்யப்படும் வேலூர்க்காரனுக்கு இது எப்படிப் புரியும்? வீட்டுச் சூடு கூரைக்கு அடியிலுள்ள பரண் வழியாக மேலேறி, கூரைப் பனியை அடியிலிருந்து உருக்குகிறதாம். அந்தத் தண்ணீர் சூடு எட்டாத ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து வரப்பு கட்டிவிடுகிறது. பின்னால் வருகிற தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, கூரைத் தகடுகளுக்கு அடியில் புகுந்து உள்ளே இறங்குகிறது.

அட, நம் சத்துவாச்சாரி வீட்டுக் கதைதான்! போன ஐப்பசி மழையில் மாடிக் குழாய் வாயை வேப்பஞ்சருகு அடைத்து, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பூஜை அறையில் காரை பெயர்ந்து, விளக்கு மேலேயே விழுந்தது. அப்புறம்தான் குழாய் வாயில் கம்பி வலை வைத்தேன்.

அங்கே வலை போதாது. பரணில் சூடு கசியும் சந்துகளை அடைத்து, மேலே வெப்பம் தடுக்கும் பஞ்சு விரிக்க வேண்டுமாம். அதுவரை, தரையில் நின்றபடியே நீளக் கோல் வாரியால் ஓரப் பனியை இழுத்துவிடலாம். கட்டியை உடைத்தால் தகடும் சேர்ந்து போகும். மாப்பிள்ளை ஏணியும் சுத்தியலுமாகக் கிளம்பினாராம். மகள் சுத்தியலைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.