ஒரு வயலுக்கு எத்தனை விவசாயி?

கும்பகோணத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் டேட்டாபேஸ் வடிவமைப்பு பார்க்கிறேன். இந்தப் பக்கத்தில் எங்களுக்கு வருகிற வேலை பெரும்பாலும் நெல்லைச் சுற்றித்தான்: அரிசி ஆலை, உரக்கடை, அறுவடை மெஷின் வாடகை. சில வருடங்களுக்கு முன் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று எங்களிடம் வந்தது. உறுப்பினர் விவரம், நிலம், சாகுபடி, விதை, உரம், நெல் வரவு எல்லாம் ஒரே மென்பொருளில் வேண்டும் என்றார்கள். கையோடு ஓர் எக்செல் ஃபைலையும் கொடுத்தார்கள். வரிக்கு ஒரு விவசாயி. பெயர், ஊர், அப்புறம் நிலம் 1, நிலம் 2, நிலம் 3. நான்காவது துண்டு வைத்திருப்பவருக்கு மூன்றாவது கட்டத்திலேயே கமா போட்டு இரண்டு சர்வே எண்.

இப்படி ஒரு ஃபைல் வந்தால் அதை அப்படியே டேபிளாக்கிவிடலாம் என்றுதான் தோன்றும். வாடிக்கையாளருக்கும் அதில் சந்தோஷம், நாளைக்கே திரையில் பார்த்துவிடலாமே. ஆனால் 'இந்த சர்வே எண்ணில் இந்தப் பருவம் யார் நடவு செய்திருக்கிறார்?' என்று கேட்டுப் பாருங்கள். மூன்று கட்டத்திலும் தேட வேண்டும். கமாவுக்கு அப்புறம் இருப்பது தப்பிப் போகும். எந்தப் பருவம் என்பதற்கு அந்த ஃபைலில் இடமே கிடையாது.

தகவலை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலை 1970இல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் முன்வைத்தார். டேபிள் போடுவதற்கு முன்னால் நிஜத்தில் என்னென்ன இருக்கின்றன, ஒன்றோடு ஒன்று எப்படி ஒட்டியிருக்கின்றன என்று வரைந்து பார்க்கும் முறையை 1976இல் பீட்டர் சென் ஒரு கட்டுரையில் கொடுத்தார். அதுதான் இ.ஆர். (என்டிட்டி-ரிலேஷன்ஷிப்) மாடல். விவசாயி, நிலம் மாதிரி தனியாக அடையாளம் காட்டக்கூடியது என்டிட்டி, அதற்குச் செவ்வகம். அவற்றுக்கு நடுவே உள்ள உறவு ரிலேஷன்ஷிப், அதற்கு டைமண்ட். பெயர், பரப்பு போன்ற விவரங்கள் அட்ரிபியூட், அவற்றுக்கு நீள்வட்டம். கல்லூரியில் மதிப்பெண் பெரும்பாலும் இந்த வடிவங்களுக்குத்தான் விழுகிறது. வேலையில் பார்த்தால் செவ்வகம் போடுவது அரை நாள் சமாச்சாரம். கோட்டின் இரண்டு முனையிலும் ஒன்றா, பலவா என்று எழுதுவதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும்.

முதல் சிக்கல் 'ஊர்'. சில வரிகளில் அது விவசாயி குடியிருக்கும் ஊர், சில வரிகளில் நிலம் இருக்கும் ஊர். டெல்டாவில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பாபநாசத்தில் வீடு, வலங்கைமான் பக்கம் வயல் என்பது இங்கே சர்வசாதாரணம். அதோடு சர்வே எண் என்பது ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் மட்டும்தான் தனித்துவமானது. 112 என்ற எண் பக்கத்துக் கிராமத்திலும் இருக்கும். ஆகவே ஊரை விவசாயியின் அட்ரிபியூட்டாக விட முடியாது, தனி என்டிட்டியாக நிறுத்த வேண்டும். கிராமம், சர்வே எண், உட்பிரிவு மூன்றும் சேர்ந்தால்தான் வயலுக்கு அடையாளம். இப்படி இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு மட்டுமே அடையாளம் பெறுவதை வீக் என்டிட்டி என்பார்கள், இரட்டைக் கோட்டுச் செவ்வகம் போடுவார்கள். புத்தகத்தில் இதற்கு வேறு எடுத்துக்காட்டுகள் தருகிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பட்டாவைக் காட்டினால் போதும்.

அடுத்தது விவசாயிக்கும் வயலுக்கும் நடுவே உள்ள கோடு. அந்த நிறுவனத்தில் கணக்குப் பார்த்தவர் கிராம நிர்வாகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் எதிரே தாளை வைத்து, "ஒரு வயலுக்கு ஒரு விவசாயிதானே சார்?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். ஆனால் பிழையான கேள்வியைக் கேட்டால்தான் விவரம் தெரிந்தவர் வாய் திறப்பார்.

"யாரு தம்பி சொன்னா? பட்டா மூணு அண்ணன் தம்பி பேருல கூட்டா கெடக்கு. உழுவுறவன் வேற ஆளு. அதுலயும் குறுவைக்கு ஒருத்தன், தாளடிக்கு இன்னொருத்தன்."

சரி, அந்த ஒரு பேச்சிலேயே எல்லாம் வந்துவிட்டது. ஒருவருக்குப் பல வயல், ஒரு வயலுக்குப் பலர். அதாவது பலவுக்குப் பல. அதற்கும் மேலாக, விவசாயிக்கும் வயலுக்கும் நடுவே இருப்பது ஓர் உறவு இல்லை, இரண்டு. உடைமை ஒன்று, சாகுபடி ஒன்று. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாகக் குத்தகைக்கு உழுகிறவர்கள் இங்கே ஏராளம். அவர்களுக்குச் சாகுபடிக் கோடு உண்டு, உடைமைக் கோடு கிடையாது. உடைமையைக் கட்டாயமாக்கி டேபிள் போட்டிருந்தால் அவர்களை உறுப்பினராகவே சேர்த்திருக்க முடியாது. மறுபக்கம், சாகுபடியே இல்லாத வயலும் இருக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். 2024இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். அப்படிப்பட்ட வருடத்தில், மோட்டார் இல்லாதவர் குறுவையைத் தொடவே மாட்டார்.

சாகுபடியை முதலில் டைமண்டாகத்தான் வரைந்தோம். பிறகு அதன்மேல் விவரங்கள் ஏற ஆரம்பித்தன: எந்தப் பருவம், எந்த வருடம், என்ன ரகம், விதைத்த தேதி, எத்தனை மா நிலம். அந்த அளவுக்கு விவரம் சேர்ந்துவிட்ட உறவைச் செவ்வகமாக மாற்றிவிடுவதுதான் நல்லது. டேட்டாபேஸுக்குள் வரும்போது பலவுக்குப் பல உறவு எப்படியும் நடுவில் ஒரு தனி டேபிளாகத்தான் வந்து உட்காரும். அதில் விவசாயி, வயல், பருவம் மூன்றின் சாவிகளும், அதாவது அவற்றின் வரியை அடையாளம் காட்டும் மதிப்புகளும், அந்த வரிகளைச் சுட்டும் ஃபாரின் கீயாக வரும். விதை கொடுத்ததும் உரம் கொடுத்ததும் நெல் வந்ததும் இந்த ஒன்றோடு ஒட்டிக்கொண்டபோது, அந்த நிறுவனத்தின் மொத்த வியாபாரமும் சாகுபடியைச் சுற்றித்தான் நடக்கிறது என்பது படத்திலேயே தெரிந்தது. எக்செல் ஃபைலில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

எந்த விவரம் யாரைச் சேர்ந்தது என்பதிலும் கவனம் வேண்டும். ரகத்தின் வயது ரகத்தைச் சேர்ந்தது. ஏ.டி.டி. 43 என்றால் சுமார் 110 நாள், சி.ஆர். 1009 என்றால் 155 நாளுக்கு மேல். அதைச் சாகுபடி வரிகள் ஒவ்வொன்றிலும் எழுதினால் ஒருவர் 110 என்றும் இன்னொருவர் 115 என்றும் அடித்து வைப்பார். விதைத்த தேதி சாகுபடியைச் சேர்ந்தது. இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தால் அறுவடை எப்போது என்பதைக் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளலாம், சேமித்து வைக்கவே வேண்டாம். சென் பாணிப் படங்களில் இப்படி வருவிக்கும் அட்ரிபியூட்டுக்குப் புள்ளிக்கோட்டு நீள்வட்டம். பரப்பு இன்னொரு தலைவலி. பேச்சில் மா, பட்டாவில் ஹெக்டேரும், அதில் நூறில் ஒரு பங்கான ஏரும். மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். உள்ளே ஓர் அலகில் மட்டும் வைத்துக்கொண்டு, திரையில் அவரவர் கேட்டபடி காட்டினோம்.

கொஞ்ச நாள் கழித்து வாய்க்காலையும் சேர்க்கச் சொன்னார்கள். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால் விதை வழங்கும் வரிசையை முடிவு செய்யலாம் என்பது அவர்கள் எண்ணம். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது, வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது, ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால். ஒரு என்டிட்டி தன்னோடு தானே உறவு வைத்துக்கொள்ளும் வகை இது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண், வாய்க்கால் டேபிளிலேயே 'தாய் வாய்க்கால்' என்று ஒரு கட்டம் போதும் என்றார். பாடத்தின்படி சரிதான். கணக்குக்காரர்தான் தாளைப் பார்த்துவிட்டு, "மேலூரு வடிகாலுதாம்மா கீழூருக்குப் பாசனம். அது எங்க இருக்கு?" என்றார். உண்மைதான். டெல்டாவில் மேல்பகுதி வயல்களில் வடிகிற தண்ணீர் கீழே இன்னொரு ஊருக்குப் பாய்கிறது. அப்படியானால் ஒரு வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் வழி ஒன்றுக்கு மேல் இருக்கலாம், ஒரே தாய் என்ற கட்டம் செல்லாது. மறுபடி பலவுக்குப் பல, நடுவில் இன்னொரு டேபிள்.

அந்தப் பெண்ணையே அதைத் திருத்தி வரையச் சொன்னேன். இந்த முறை டைமண்டை விட்டுவிட்டு, கோட்டின் நுனியில் மூன்று விரல் பிரியும் காக்கைக்கால் குறியீட்டில் வரைந்தார். வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பேச எனக்கும் அதுதான் பிடிக்கும். விரல் பிரிந்த பக்கம் 'பல' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் அவர்களே பேனா எடுத்துத் திருத்துகிறார்கள். வாய்க்கால் பகுதி மென்பொருளில் இன்னும் ஏறவில்லை. வடிகால்களின் பட்டியலை ஊர் ஊராகப் போய் எடுக்க வேண்டும், அதற்கு ஆள் கூலி யார் தருவது என்பதில் பேச்சு நின்றிருக்கிறது.